ஆன்லைன் சந்தை: விற்பவர் யார், நடுவில் நிற்பவர் யார்?

பி2பி, பி2சி, சி2சி, டி2சி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்களே, என்ன வித்தியாசம்?

யார் யாருக்கு விற்கிறார் என்பதுதான் வித்தியாசம். பி என்றால் வியாபாரி (பிசினஸ்), சி என்றால் நுகர்வோர் (கன்ஸ்யூமர்), டி என்றால் நேரடி (டைரக்ட்), நடுவில் உள்ள 2 என்பது ‘அவருக்கு’ என்று பொருள். ஈரோட்டு மொத்த வியாபாரி இந்தியாமார்ட் வழியாக மதுரைக் கடைக்காரர் ஒருவரைப் பிடித்து 200 பெட்ஷீட் அனுப்பினால் அது பி2பி. அதில் ஒன்றை நீங்கள் அமேசானில் வீட்டுக்கு வாங்கினால் பி2சி. வீடு மாறும்போது பழைய கட்டிலை ஓஎல்எக்ஸில் போட்டு விற்றால் சி2சி. தறி வைத்திருப்பவரே சொந்தமாக வெப்சைட் திறந்து நேராக விற்றால் டி2சி. ஒரே ஆள் இதில் இரண்டு மூன்று வகையில் விற்பதும் சகஜம்.

பெரிய தளத்தில் மிக்ஸி வாங்கினேன். பில்லில் கேள்விப்படாத ஒரு கம்பெனி பெயர் இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை, பயப்பட வேண்டாம். நீங்கள் வாங்கியது தளத்திடம் அல்ல, தளத்தில் கடை விரித்திருக்கும் ஒருவரிடம். வாரச்சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். இடமும் காவலும் சந்தைக் குத்தகைதாரர் பொறுப்பு, சரக்கு மட்டும் வியாபாரியுடையது. இந்தியாவில் வெளிநாட்டு முதலீடு உள்ள தளங்கள் சொந்தச் சரக்கை நேரடியாக நுகர்வோருக்கு விற்கக் கூடாது, நடுவில் நின்று இடம் மட்டும் கொடுக்கலாம் என்பது விதி. 2019 பிப்ரவரி 1 முதல் அதை இன்னும் இறுக்கினார்கள். அதனால்தான் பில்லில் வேறு பெயர்.

அதற்காகத் தளம் கைகழுவிவிட முடியாது. 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி விற்பவரின் பெயர், முகவரி எல்லாம் உங்களுக்குத் தெரிய வேண்டும். புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகப் பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். இழுத்தடித்தால் 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள், கூச்சப்படவே வேண்டாம்.

380 ரூபாய் அடக்கமுள்ள பெட்ஷீட்டை 600-க்கு விற்கிறேன். ஆர்டர் நிறைய வருகிறது, கையில் பணம் நிற்கவில்லை. எங்கே போகிறது?

எனக்கு அதிகம் வருகிற கேள்வி இதுதான், ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படுகிறது, ஏனென்றால் உழைப்பில் குறையே இருக்காது. பேப்பர் எடுத்து எழுதிப் பாருங்கள். உதாரணத்துக்குத் தளம் பிடிக்கும் கமிஷன் 60, ஒவ்வொரு ஆர்டருக்கும் நிலைக்கட்டணம் 20, கூரியர் 70 என்றால் மொத்தம் 150. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 27 ரூபாய். டிசிஎஸ், டிடிஎஸ் என்று முன்கூட்டியே வரியாக ஒரு மூன்று நான்கு ரூபாய் பிடிப்பார்கள், அது பிறகு உங்கள் கணக்கில் வரவாகும். ஆகக் கைக்கு வருவது 420 சொச்சம். அடக்கம் போக 40 ரூபாய். இப்போது ஐந்தில் ஒன்று திரும்பி வருகிறது என்று வையுங்கள். போக, வர கூரியர் செலவு மட்டும் 140 ரூபாய். நான்கு பெட்ஷீட்டில் சம்பாதித்த 160-இல் மிச்சம் 20. பேக்கிங் கவரும் டேப்பும் வாங்கினால் அதுவும் போச்சு.

அதனால் ஆர்டர் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், ரிட்டர்னைப் பாருங்கள். கேஷ் ஆன் டெலிவரியில்தான் ‘வேண்டாம்’ என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவது அதிகம். அளவு, நிறம், துணி எடை மூன்றையும் படத்துக்குக் கீழேயே எழுதுங்கள். அப்புறம், பேக் செய்வதையும் திரும்பி வந்த பார்சலைப் பிரிப்பதையும் லேபிள் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்துவையுங்கள். நான் முன்பு விற்றுக்கொண்டிருந்த ஒரு தளத்தில் புதுச் சேலை ரிட்டர்ன் வந்தது. பிரித்தால் உள்ளே நாலாக மடித்த பழைய லுங்கி. வீடியோ இல்லாததால் அந்தப் பணம் கடைசிவரை வரவில்லை.

ஜிஎஸ்டி எண் இல்லாமல் விற்கவே முடியாதா?

முடியும். 2023 அக்டோபர் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் வரம்புக்குள் இருக்கும் சிறு வியாபாரிகள் பதிவெண் இல்லாமலே தளங்களில் பொருள் விற்கலாம். ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்க வேண்டும். ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும்தான். பெங்களூருக்கு ஒரு பார்சல் போனாலும் பதிவு வேண்டும்.

ஓஎன்டிசி என்பது இன்னொரு ஆப்பா?

இல்லை, அது ஒரு வலைப்பின்னல். வாங்குபவர் ஒரு ஆப்பில் இருப்பார், விற்பவர் வேறொரு ஆப்பில் இருப்பார், இரண்டும் பேசிக்கொள்ளும். எந்த வங்கியில் கணக்கு இருந்தாலும் யுபிஐயில் பணம் போவது மாதிரி. 2022 ஏப்ரலில் முதலில் சோதித்த ஐந்து நகரங்களில் நம்ம கோயம்புத்தூரும் ஒன்று. ஒரே தளத்தின் தயவில் நிற்க வேண்டியதில்லை என்பதற்காகவே சிறு கடைக்காரர்கள் இதில் ஒரு கால் வைத்துப் பார்க்கலாம் என்பது என் கருத்து.

பழைய சைக்கிளை விற்க விளம்பரம் போட்டேன். வாங்குபவர் ‘இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பணம் வந்துவிடும்’ என்கிறார். செய்யலாமா?

செய்யாதீர்கள்! பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், யுபிஐ பின் நம்பரும் வேண்டாம். பின் நம்பர் போட்டால் போவது உங்கள் பணம். மேலே சொன்ன பெரிய தளங்களில் பொதுவாகப் பணம் முதலில் தளத்திடம் போய், பொருள் சேர்ந்த பிறகுதான் விற்பவருக்கு வரும். இந்த மாதிரி ஆளுக்கு ஆள் விற்பதில் நடுவில் யாருமே இல்லை. ஆள் நேரில் வந்து சைக்கிளைப் பார்த்துப் பணம் கொடுத்த பிறகு, உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். ஏற்கெனவே பின் நம்பர் போட்டுவிட்டீர்கள் என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு உடனே 1930-க்கு, அதாவது சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.