எஞ்சினை மாற்றுமுன் டீசல் ட்யூபைப் பாருங்கள்

உங்கள் பாய்ப்படகின் டீசல் எஞ்சினுக்கு 25 வயது ஆகிவிட்டது, கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடுகிறது, மெக்கானிக் புதிது வாங்கச் சொல்கிறார், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். "ஓடி நின்றுவிடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வார்த்தைக்காகத்தான் இந்தப் பதில்.

எனக்குத் திருநெல்வேலிக் கடற்கரையில் உவரிப் பக்கம். மெக்கானிக் படிப்பு படித்தவன் இல்லை. மீன்பிடி வள்ளத்தில் அப்பாவோடு போய் வந்து தெரிந்துகொண்டதுதான்.

அப்பா வாங்கிப் போட்ட ஒற்றை சிலிண்டர் எஞ்சின் 19 வருடம் எங்களைக் காப்பாற்றியது. ஒரு கச்சான் (மேல்காற்று) காலத்தில் மக்கர் பண்ண ஆரம்பித்தது. அரை மணி நேரம் நன்றாக ஓடும். வேகத்தைக் கூட்டினால் இருமி இருமி நின்றுவிடும். ஏர் எடுத்துவிட்டால், அதாவது டீசல் போகும் வழியில் சேர்ந்த காற்றை வெளியேற்றிவிட்டால், மறுபடி ஓடும். ஒரு மெக்கானிக் டீசலைப் பீய்ச்சும் நாசிலை மாற்றினார். இன்னொருவர் டீசல் பம்பைக் கழற்றி நாகர்கோவிலுக்குக் கொடுத்தனுப்பினார். மூன்றாவதாக வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டே, "போச்சு அண்ணாச்சி, இனி இதுல காசு போடாதீங்க" என்றார். அவர் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று, பார்க்கவில்லை. சிலிண்டரை மூடும் ஹெட்டைக்கூடத் திறக்கவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

புது எஞ்சினுக்குக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். நிலப் பட்டா இருக்கிறதா என்றார்கள். கடலில் போடும் சாமானுக்கு எதை நம்பிக் கொடுப்பது என்று எல்லார் முன்னாலும் கேட்டார்கள். எனக்கு முன்னால் நின்றவருக்கு டிராக்டர் கடனுக்கு நாற்காலி போட்டுப் பேசினார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான், ஆனால் அது இன்னும் ஆறவில்லை. கடலில் சம்பாதிப்பவன் கணக்குத் தெரியாதவன் என்று உள்நாட்டில் இருப்பவர்கள் ஏன் முடிவு செய்கிறார்கள்? கடைசியில் வீட்டுக்காரியின் நகையை அடகு வைத்தேன். அப்பாவின் எஞ்சினைப் பழைய இரும்புக்கு எடை போட்டுக் கொடுத்தேன்.

புது எஞ்சின் இரண்டாம் மாதம் நடுக்கடலில் நின்றது. அதே இருமல்.

பெரியப்பா வந்து பார்த்தார். ஒரு கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, எஞ்சினுக்கு மேலே உயரத்தில் கட்டி, புது ட்யூப் போட்டு நேராகப் பம்புக்குக் கொடுத்தார். இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடியது. புது எஞ்சினுக்கும் மாற்றாமல் விட்டிருந்த பழைய ட்யூபை அறுத்துப் பார்த்தோம். கிளிப் பிடித்த இடத்தில் ரப்பர் இறுகி, மயிர்க்கோடு போல ஒரு விரிசல். டீசலை உறிஞ்சும் பக்கம் என்பதால் வெளியே சொட்டுக்கூட ஒழுகாது, காற்றை மட்டும் உள்ளே இழுக்கும். ஒரு மீட்டர் ட்யூபுக்காக நல்ல எஞ்சினை விற்றிருக்கிறேன். பிறகு திசையன்விளையில் ஒரு முருங்கைத் தோட்டத்துக் கிணற்றில் அப்பாவின் எஞ்சின் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அப்பா வெல்டிங் வைத்த காதை வைத்து அடையாளம் தெரிந்தது. வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை.

எல்லா எஞ்சினும் ட்யூபாலா கெடுகிறது என்று சிலர் கேட்பார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. தேய்மானமும் உண்டு. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளுகிறதா, சைலன்சரில் நீலப் புகையா, ஆயிலில் தண்ணீர் கலந்து பால் மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்ரஷன் குறைவாக இருந்தால் சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அப்போது ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். இவை செலவு பிடித்தாலும் சரி செய்யக்கூடியவை. கடல் தண்ணீரே உள்ளே போய்க் குளிர்விக்கும் எஞ்சினாக இருந்து, பிளாக்கை உப்பு அரித்திருந்தால், அல்லது உதிரி பாகமே கிடைக்காது என்றால், யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

உங்களுடையது பாய்ப்படகு. துறைமுகத்துக்குள் நுழையவும் வெளியே வரவும்தான் எஞ்சின் போடுவீர்கள். ஓடித் தேய்ந்ததைவிட, சும்மா கிடந்து கெட்டிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். டாங்கின் அடியில் தண்ணீரும் சகதியும் இருக்கலாம், புகை வெளியேறும் வளைவில் கரி அடைத்திருக்கலாம். அதையும் கழற்றிப் பாருங்கள்.

புதிது என்றால் எஞ்சின் விலை மட்டும் இல்லை. அடித்தளத்து ஓட்டைகள் பொருந்தாமல் போகலாம், தண்ணீருக்குள் சுழலும் விசிறி மாறலாம், அதைச் சுற்றும் ஷாப்டை எஞ்சினோடு நேர் பிடிக்க வேண்டும். அந்த நேரைப் படகு தண்ணீரில் மிதக்கும்போது பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பார்க்க வேண்டும். கரையில் ஏற்றி வைத்தால் படகின் உடம்பு வேறு மாதிரி வளைந்திருக்கும்.

சரி, முதலில் கேனில் டீசல் கட்டி ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், வேகத்தைக் கூட்டியும் பாருங்கள். நிற்காமல் ஓடினால் கோளாறு டாங்க், ட்யூப் பக்கம்தான் இருக்கும். நின்றால் எத்தனையாவது நிமிடத்தில் நின்றது, என்ன நிறத்தில் புகை வந்தது என்று எழுதுங்கள். பெரியப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.