பெயர் தெரியாதவருக்கும் தகவல் சொல்லலாம்: பால்வினை நோய் பற்றிய கேள்வி பதில்

அரசு மருத்துவமனையின் பால்வினை நோய் பிரிவில் நெடுங்காலம் ஆலோசகராக இருந்தவள் நான். ஒருவருக்குப் பால்வினை நோய் உறுதியானால், அவரோடு உறவில் இருந்தவர்களுக்கும் தகவல் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் சிகிச்சை பாதியில் நிற்கிற மாதிரிதான். "யாரென்றே தெரியாதே, யாரிடம் போய்ச் சொல்ல?" என்ற கேள்வி இப்போது நிறைய வருகிறது. அப்படி வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேட்டவர்களின் ஊர், பெயர் எதுவும் இதில் இல்லை.

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயது. ஆப்பில் பேசி ஒருவரைச் சந்தித்தேன். அவரும் ஆண்தான். பெயரை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நாலாவது நாள் சிறுநீர் போகும்போது எரிச்சல், சீழ். வெட்டை நோய் (கொனோரியா) என்று ஊசி போட்டார்கள். அவருக்குத் தகவல் சொல்லச் சொல்கிறார்கள். அவர் வைத்திருக்கும் படத்தில் முகம்கூட இல்லை. என்ன செய்வது?

பதில்: முகம் எதற்கு தம்பி? ஆப்பில் அவருடைய கணக்கு இருக்கிறதே, அது போதும். உங்கள் வாட்ஸாப் நம்பரிலிருந்து அனுப்ப வேண்டாம். நீங்கள் இருவரும் பேசிக்கொண்ட அதே ஆப்பிலேயே இப்படி எழுதுங்கள்:

"வணக்கம். போன வாரம் நாம் சந்தித்தோம். எனக்கு வெட்டை நோய் இருப்பது தெரிந்து சிகிச்சை எடுத்துக்கொண்டேன். உங்களுக்குத் தொந்தரவு எதுவும் தெரியாவிட்டாலும் ஒருமுறை டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் பால்வினை நோய் பிரிவு இருக்கிறது, காசு வாங்க மாட்டார்கள். டாக்டரிடம் தொண்டை, ஆசனவாய் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சிகிச்சை முடியும்வரை யாரோடும் உறவு வேண்டாம்."

இவ்வளவுதான். "உன்னால்தான் எனக்கு வந்தது" என்று ஒரு வரி சேர்த்தாலும் அவர் சண்டைக்குத்தான் வருவார், டெஸ்டுக்குப் போக மாட்டார். அவரிடமிருந்துதான் வந்தது என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது. ஆணின் சிறுநீர்ப் பாதையில் வெட்டை தொற்றினால் பெரும்பாலும் சில நாட்களிலேயே சீழ் தெரிந்துவிடும். அதே கிருமி தொண்டையிலோ ஆசனவாயிலோ இருந்தால் பலருக்கு ஒரு அறிகுறியும் இருக்காது. உங்களைச் சந்தித்தபோது தனக்கு நோய் இருப்பது அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். அதனால்தான் மெசேஜில் நோயின் பெயரையும் எங்கே பார்க்க வேண்டும் என்பதையும் எழுதச் சொன்னேன். "செக் பண்ணிக்கோங்க" என்று மொட்டையாக அனுப்பினால் அவர் ஒரு சிறுநீர் டெஸ்டோடு திரும்பிவிடுவார்.

அவர் ஒருவருக்குச் சொல்லிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். தொந்தரவு ஆரம்பிப்பதற்கு முந்தைய 60 நாட்களில் யார் யாரோடு உறவு இருந்ததோ அவர்கள் எல்லோருக்கும் இதே தகவல் போக வேண்டும். உங்களுக்கும் தொண்டை, ஆசனவாய் பார்த்தார்களா? பார்க்கவில்லை என்றால் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். எந்த விதமான உறவு என்று நீங்கள் சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும். ஊசி போட்ட நாளிலிருந்து 7 நாள் உறவு கூடாது.

கேள்வி: என் கதையும் அதுதான். ஆனால் அந்த நபர் கணக்கையே அழித்துவிட்டார். ஒரு தடயமும் இல்லை. விட்டுவிடலாமா?

பதில்: அவரைத் தேடுவதை விட்டுவிடலாம். ஆனால் அவருக்குப் பிறகு நீங்கள் யாரையாவது சந்தித்தீர்களா? அவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நமக்கு யார் கொடுத்தது என்று பின்னால் ஓடுவதில்தான் எல்லோருக்கும் வேகம் இருக்கிறது. நம்மிடமிருந்து யாருக்குப் போயிருக்கும் என்று முன்னால் பார்க்க மறந்துவிடுகிறோம்.

அப்புறம், ஒருவர் எங்கே கிடைத்தார் என்பதும் ஒரு தகவல்தான். 1999ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் சிபிலிஸ் (மேகப்புண்) வந்த சில ஆண்களை விசாரித்தபோது, அவர்களில் பலர் ஏஓஎல் என்ற இணைய நிறுவனத்தின் ஒரே சாட் அறையில் ஆட்களைச் சந்தித்திருந்தது தெரியவந்தது. யாருக்கும் யாருடைய பெயரும் தெரியாது, திரையில் வைத்துக்கொண்ட புனைபெயர் மட்டும்தான். நகரச் சுகாதாரத் துறை அந்தப் புனைபெயர்களுக்கே மின்னஞ்சல் அனுப்பியது. அந்தச் சாட் அறைக்கு வருபவர்களுக்குப் பொதுவான எச்சரிக்கையும் போனது. 2004ல் அதே ஊரில், பெயர் போடாமல் மின் அட்டை அனுப்பும் இன்ஸ்பாட் என்ற வசதியையே தொடங்கினார்கள். எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரு குறிப்பிட்ட குரூப்பிலோ இடத்திலோ அவரைச் சந்தித்திருந்தால் அதை ஆலோசகரிடம் சொல்லுங்கள். அதே இடத்தைச் சொல்லி இன்னும் இரண்டு பேர் வந்தால், அந்தப் பக்கம் போய்ப் பேச எங்களுக்கு ஒரு வழி கிடைக்கும்.

கேள்வி: மேடம், வேலை விஷயமாக வெளியூர் போனபோது லாட்ஜில் ஒரு பெண்ணோடு ஒரே ஒரு நாள். இப்போது எனக்கு வலி இல்லாத புண் வந்து, சிபிலிஸ் என்று சொல்லிவிட்டார்கள். மனைவி 5 மாத கர்ப்பம். ஊரிலிருந்து வந்த பிறகு அவளோடும் உறவு இருந்தது. அவளுக்குத் தெரியாமல் சிகிச்சை கொடுக்க வழி இருக்கிறதா? சத்து ஊசி என்று சொல்லிப் போட முடியுமா?

பதில்: முடியாது. எந்த டாக்டரும் அப்படிப் போடக் கூடாது. பென்சிலின் சிலருக்கு ஒவ்வாது. என்ன ஊசி, எதற்கு ஊசி என்று தெரியாமல் ஒரு கர்ப்பிணிக்குப் போடுவது உயிரோடு விளையாடுவது. அவருடைய உடம்பு, அவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நாளைக் கடத்த உங்களுக்கு நேரம் இல்லை. தாயிடமிருந்து சிபிலிஸ் குழந்தைக்குப் போகும். கரு கலையலாம், குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், பிறந்தாலும் நோயோடு பிறக்கலாம். கர்ப்பம் பதிவு செய்தபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்திருக்கும், அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அது இதற்கு முன்னால் எடுத்தது. இப்போது எடுத்தாலும் ஆரம்பத்தில் சில வாரம் நெகட்டிவ் என்றே காட்டலாம். அதனால்தான் கடந்த 90 நாளுக்குள் தொடர்பு இருந்தவருக்கு, டெஸ்ட் என்ன சொன்னாலும் ஊசி போட்டுவிடச் சொல்கிறார்கள். பென்சதீன் பென்சிலின், 24 லட்சம் யூனிட், இடுப்பின் இரண்டு பக்கமும் பிரித்துப் போடுவார்கள். கர்ப்பிணிகளுக்கு இதற்கு மாற்று மருந்து இல்லை. பிரசவத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்பே போட்டுவிட்டால் குழந்தையைக் காப்பாற்றும் வாய்ப்பு மிக நன்றாக இருக்கிறது. உங்களுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது, அதில் ஒரு வாரத்தையும் வீணாக்க வேண்டாம்.

எப்படிச் சொல்வது? தனியாகச் சொல்ல முடியவில்லை என்றால் அவரை அழைத்துக்கொண்டு ஆலோசகரிடம் வாருங்கள். "எனக்கு ஒரு தொற்று வந்திருக்கிறது. உனக்கும் குழந்தைக்கும் வராமல் பார்க்க வேண்டும், வா" என்று நீங்கள் ஆரம்பித்தால் போதும், மீதியை ஆலோசகர் பக்கத்தில் இருந்து பேசுவார். அவர் அழுவார், கோபப்படுவார். அதற்கு உரிமை இருக்கிறது. அந்தப் பேச்சு வீட்டில் நடு இரவில் நடப்பதைவிட எங்கள் அறையில் நடப்பது நல்லது. அதுவரை, ஆணுறை போட்டுக்கூட உறவு வேண்டாம். அந்த லாட்ஜ் பெண்ணின் போன் நம்பர் இருந்தால் அவருக்கும் ஒரு மெசேஜ் அனுப்புங்கள். அவருக்கும் உடம்பு இருக்கிறது.

கேள்வி: தெரியாத கணக்கிலிருந்து "நீங்கள் பால்வினை நோய் டெஸ்ட் எடுங்கள்" என்று மெசேஜ். யாரோ மிரட்டுகிறார்களா? நான் பெண், தனியாக இருக்கிறேன்.

பதில்: காசு கேட்டிருக்கிறார்களா? லிங்கை அழுத்தச் சொல்கிறார்களா? உங்கள் முகவரி, படம் ஏதாவது கேட்கிறார்களா? இதில் ஒன்று இருந்தாலும் பதில் சொல்லாமல் பிளாக் செய்துவிட்டு, சைபர் குற்றங்களுக்கான 1930ல் புகார் கொடுங்கள். இது எதுவும் கேட்கவில்லை என்றால் நல்ல எண்ணத்தில்தான் அனுப்பியிருக்க வேண்டும். யார் அனுப்பியது என்று துருவாதீர்கள். அந்த ஆராய்ச்சியில் நாள்தான் போகும். பெண்களுக்கு வெட்டையும், கிளமிடியா என்ற இன்னொரு பால்வினைத் தொற்றும் பெரும்பாலும் சத்தமே இல்லாமல் இருக்கும், கருக்குழாய் வரை போய்ப் பின்னால் குழந்தைப் பேற்றைப் பாதிக்கும். சிபிலிஸ், எச்.ஐ.வி, ஹெபடைடிஸ் பி (கல்லீரல் தொற்று) ரத்தப் பரிசோதனையும் பிறப்புறுப்புப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். சந்திப்பு நடந்து சில நாள்தான் ஆகிறது என்றால் எச்.ஐ.வி டெஸ்டை 3 மாதம் முடிந்ததும் மறுபடி எடுங்கள்.

கேள்வி: எனக்கு எச்.ஐ.வி பாசிட்டிவ். டாக்டரே போய் என் மனைவியிடமும் நான் சந்தித்த மற்றவர்களிடமும் சொல்லிவிடுவாரா? சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: 2017ல் இயற்றி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி சட்டத்தின் 9வது பிரிவு இதைப் பற்றியதுதான். டாக்டரோ ஆலோசகரோ மட்டும், சில நிபந்தனைகள் எல்லாம் சேர்ந்து இருந்தால், துணைவரிடம் சொல்லலாம். துணைவருக்குத் தொற்றும் ஆபத்து கணிசமாக இருக்க வேண்டும். நீங்களே சொல்லும்படி உங்களுக்கு ஆலோசனை கொடுத்திருக்க வேண்டும். நீங்கள் சொல்லப் போவதில்லை என்பது உறுதியாகியிருக்க வேண்டும். "நான் சொல்லப் போகிறேன்" என்று உங்களிடம் முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும். சொல்வதும் நேரில்தான், ஆலோசனையோடுதான். போனில் சொல்லக் கூடாது. குறிப்பாக ஒரு பெண்ணுக்குத் தொற்று இருந்து, தெரிந்தால் கணவர் அடிப்பார், வீட்டை விட்டுத் துரத்துவார் என்ற நியாயமான பயம் இருந்தால் சொல்லவே கூடாது.

பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. அந்தச் சட்டத்தில் துணைவர் என்றால் கணவன், மனைவி, அல்லது திருமணம் போன்ற உறவில் இருப்பவர் மட்டும்தான். ஒருநாள் சந்தித்தவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். யாரையும் தேடிக் கண்டுபிடிக்கும் கடமையும் டாக்டருக்குக் கிடையாது. ஆக, அந்த மற்றவர்களுக்கு உங்களை விட்டால் சொல்ல ஆள் இல்லை. பெயரில்லாமல் சொல்லுங்கள், ஆலோசகர் மூலம் சொல்லுங்கள், எப்படியானாலும் சரி. 72 மணி நேரத்துக்குள் தெரிந்தால் அவர்களுக்கு 28 நாள் தடுப்பு மாத்திரை என்ற ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதன் பிறகு தெரிந்தாலும் சீக்கிரம் டெஸ்ட், சீக்கிரம் சிகிச்சை.

எச்.ஐ.வியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி மாத்திரையை நீங்கள் விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உறவின் மூலம் உங்களிடமிருந்து யாருக்கும் தொற்றாது. பார்ட்னர் 2 என்ற ஆய்வில், இப்படிச் சிகிச்சையில் இருந்த ஆண்களும் தொற்று இல்லாத அவர்களுடைய ஆண் துணைகளும் ஆணுறை இல்லாமல் சுமார் 76,000 முறை உறவு கொண்டும் ஒருவருக்குக்கூட துணையிடமிருந்து தொற்றவில்லை. 2019ல் வெளியானது. மனைவியிடம் பேசப் போகும்போது இதையும் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்குக் கொடுத்த மாத்திரையில் பாதியை நண்பனுக்குக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். உங்களுக்கும் பாதி குணம், அவருக்கும் பாதி குணம் என்று ஆகும், கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் நோயாளியின் கையிலேயே துணைக்கும் சேர்த்து மருந்து கொடுத்தனுப்பும் முறை இருக்கிறது. அது டாக்டர் தனியாக எழுதிக் கொடுக்கும் முழு அளவு. நண்பரை அழைத்து வாருங்கள்.

கேள்வி: நான் பாலியல் தொழில் செய்றேன். வர்றவங்க பேர் சொல்ல மாட்டாங்க, சொன்னாலும் பொய்ப் பேருதான். "யாருக்கெல்லாம் சொல்லுவீங்க?"ன்னு கவுன்சிலர் கேட்டா என்ன சொல்றது? போலீஸுக்குப் போயிடுமோன்னு பயமா இருக்கு சிஸ்டர்.

பதில்: பட்டியல் கேட்டால் தர வேண்டியதில்லை அம்மா. உங்களிடம் வாடிக்கையாக வருகிற ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள், வீட்டில் துணை இருப்பார். அவர்களுக்கு மட்டும் சொல்ல முடியுமா என்று பாருங்கள், அதுவும் உங்களுக்கு அடி விழாது என்றால் மட்டும். ஆலோசகரிடம் நீங்கள் பேசுவது மருத்துவ ரகசியம். மற்றபடி, பெயர் தெரியாதவர்கள் நிறைய இருக்கும்போது உங்களைப் பாதுகாப்பது தவறாத பரிசோதனைதான். உங்கள் பகுதியில் வேலை செய்யும் தொண்டு நிறுவனத் திட்டத்தில் சேர்ந்தால் 3 மாதத்துக்கு ஒருமுறை உடல் பரிசோதனை, 6 மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி, சிபிலிஸ் டெஸ்ட் செய்வார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டீர்களா? மூன்று தவணை, கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: டெஸ்டுக்கு எங்கே போவது? தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்?

பதில்: எச்.ஐ.வி டெஸ்டுக்கு அரசு மருத்துவமனையில் இருக்கும் நம்பிக்கை மையம். உங்கள் சம்மதம் இல்லாமல் எடுக்க மாட்டார்கள், முடிவை உங்களிடம் மட்டும்தான் சொல்வார்கள். மற்ற பால்வினை நோய்களுக்குச் சுரக்ஷா கிளினிக் என்று கேளுங்கள். உள்ளூரில் சங்கடமாக இருந்தால் பக்கத்து மாவட்டத்துக்குப் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். போவதற்கு முன் பேசிப் பார்க்க வேண்டுமா? 1097க்கு அழையுங்கள், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். பெயர் சொல்லாமலேயே பேசலாம்.