மருந்து ஏறிய உடம்பில் ஃபார்மலின் ஏறுமா?

வாசகர் கேள்வி – பதில்

புற்றுநோய்க்கும் சிறுநீரகத்துக்கும் வைத்தியம் பார்த்து இறந்தவர்களின் உடலை எம்பாமிங் செய்வது (கெடாமலிருக்க மருந்து ஏற்றிப் பதப்படுத்துவது) பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை.

என் மாமனார் கல்லீரல் புற்றுநோயில் இறந்தார். கண்ணும் தோலும் மஞ்சளாக இருந்தன. மஸ்கட்டிலிருந்து மகன் வரவேண்டும் என்பதால் எம்பாமிங் செய்தோம். மறுநாள் முகம் பச்சையாகிவிட்டது. விஷமாக இருக்குமோ என்று ஊரில் பேசுகிறார்கள். – வாசகி, பாலக்கோடு

விஷம் இல்லை. இதை உங்கள் ஊரில் தைரியமாகச் சொல்லுங்கள். காமாலையில் தோலில் படிந்திருப்பது பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி. எம்பாமிங் மருந்தான ஃபார்மலினில் உள்ள ஃபார்மால்டிஹைட் பட்டதும் அது பிலிவெர்டின் என்ற பச்சை நிறமியாக மாறுகிறது. மருந்து எவ்வளவு கடுமையோ அவ்வளவு பச்சை.

காமாலை என்று முன்பே தெரிந்தால் செய்முறையை மாற்றலாம். முதலில் ஃபார்மலின் கலக்காத கரைசலை, சோடியம் சிட்ரேட் சேர்த்த தண்ணீர் போன்றதை, இரண்டு மூன்று லிட்டர் தமனியில் ஏற்றி, சிரை வழியாக ரத்தத்தை நன்றாக வெளியேற்ற வேண்டும். வெளியே வருவது வெளுத்த பிறகு குறைந்த வீரியத்தில் ஃபார்மலின் ஏற்ற வேண்டும். ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தைச் சிறிது கலந்தால் பச்சை அமுங்கும். தோலுக்குள் ஏற்கெனவே ஊறிவிட்ட நிறமி முழுதாகப் போகாது. பச்சை ஏறிய முகத்தில் மஞ்சள் பூசினால் அது இன்னும் தூக்கிக் காட்டும், சந்தனம் பூசுங்கள்.

மூன்று வருடம் டயாலிசிஸ் செய்த அண்ணனுக்கு எம்பாமிங் செய்தும் ஒன்றரை நாளில் வாடை வந்துவிட்டது. ஊசி போட்ட கை மட்டும் கருத்துப்போனது. மருந்து போலியா? – வாசகர், காவேரிப்பட்டணம்

மருந்து சரியாக இருந்தும் இப்படி ஆகும். ஃபார்மால்டிஹைட் உடலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்குகிறது. அதனால்தான் சதை கெடுவதில்லை. சிறுநீரகம் செயலிழந்தவரின் சதையெங்கும் யூரியா தேங்கியிருக்கும். அது சிதைந்து அம்மோனியா உண்டாகும். ஆறு பங்கு ஃபார்மால்டிஹைடை நான்கு பங்கு அம்மோனியா பிடித்து ஹெக்சமின் என்ற பொருளாக்கிவிடும். அந்த அளவுக்குப் புரதத்தைப் பிணைக்க மருந்து மிஞ்சாது.

எனவே கணக்கை மாற்ற வேண்டும். கடையில் வாங்கும் ஃபார்மலினே 37 முதல் 40 சதவீத ஃபார்மால்டிஹைட்தான். "10 சதவீத ஃபார்மலின்" என்றால் அதில் ஃபார்மால்டிஹைட் ஏறக்குறைய 4 சதவீதம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு கலப்பதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. 60 கிலோ உடலுக்கு மொத்தம் 10 லிட்டர் கரைசல் தேவைப்படும். சாதாரண உடல் என்றால் அதில் அரை லிட்டர் ஃபார்மலின் போதும். 2 சதவீதம் வந்துவிடும். சிறுநீரக நோயாளிக்கு ஒரு லிட்டராவது வேண்டும். கைகால் வீங்கியிருந்தால் உள்ளே இருக்கும் நீரே மருந்தை நீர்க்கச் செய்யும் என்பதால், தண்ணீரையும் குறைத்துக் கலக்க வேண்டும்.

கை கருத்ததற்குக் காரணம் வேறு. டயாலிசிஸுக்காக முன்கையில் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்திருப்பார்கள், அதுதான் ஃபிஸ்டுலா. ஏற்றிய மருந்து விரல்களுக்குப் போகாமல் அந்தக் குறுக்கு வழியில் சிரைக்குள் புகுந்து வடிந்துவிடும். தையல் தழும்பைப் பார்த்ததும் அந்த இணைப்பைக் கட்டிவிட்டு, மணிக்கட்டுத் தமனி வழியாகத் தனியே கொஞ்சம் ஏற்ற வேண்டும். நகக்கண்ணில் சாயத்தின் இளஞ்சிவப்பு தெரிகிறதா, விரல் நுனி கெட்டிப்படுகிறதா என்று அமுக்கிப் பார்க்காமல் பம்பை நிறுத்தக் கூடாது.

கீமோ எடுத்தவர்களுக்கும் இதைச் சொல்கிறோம். சிஸ்பிளாட்டின், அதிக அளவு மெத்தோட்ரெக்சேட் ஆகிய கீமோ மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. டயாலிசிஸே செய்யாதவருக்கும் யூரியா ஏறியிருக்கலாம். கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டில் யூரியா, கிரியேட்டினின், பிலிருபின் மூன்றும் இருக்கும். அந்த ஒரு தாளை உடலோடு கொடுத்தனுப்புங்கள்.

வாய்ப் புற்றுநோய்க்கு அம்மாவுக்குக் கரண்டு (கதிர் சிகிச்சை) வைத்தார்கள். உடம்பில் கதிர் இருக்கும் என்று சொல்லிப் பேரக்குழந்தைகளைப் பக்கத்தில் விடவில்லை. சரியா? – வாசகி, ஓசூர்

விட்டிருக்கலாம் அம்மா. வெளியிலிருந்து கோபால்ட் மெஷினாலோ லீனியர் ஆக்சிலரேட்டராலோ கொடுக்கும் கதிர், விளக்கை அணைத்தால் வெளிச்சம் போவது போல அந்த நிமிடமே போய்விடும். உடம்பில் எதுவும் தங்காது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு உள்ளே குழாய் வைத்துத் தரும் இரிடியம் சிகிச்சையிலும், வேலை முடிந்ததும் இரிடியம் மெஷினுக்கே திரும்பிவிடும். அழுதுகொண்டிருக்கும் பிள்ளைகளைப் பாட்டியிடமிருந்து விலக்கி வைக்க எந்தக் காரணமும் இல்லை.

கதிர் போய்விட்டாலும் அது பட்ட இடம் மாறிப்போயிருக்கும். தோல் கருத்துத் தடித்திருக்கும். அடியில் உள்ள திசுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி நார்போல் இறுகியிருக்கும். சிறு ரத்தக்குழாய்கள் சுருங்கி அடைத்திருக்கும். கழுத்தில் கதிர் பெற்றவருக்கு வழக்கம்போல் கழுத்துத் தமனியைத் தேடினால் விரலால் பிரித்தெடுக்கவே முடியாது. சில சமயம் தமனியின் சுவரே கிழியும். தொடைத் தமனியில் கேனுலா என்ற குழாய் வைத்து மேல்நோக்கி ஏற்றுவது நல்லது. பம்பின் அழுத்தத்தைக் கூட்டினால் அடைத்த இடத்துக்குப் போகாது, நல்ல பக்கத்துக் கன்னம்தான் வீங்கும். பம்ப் இல்லாமல் பாட்டிலை ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டாலே ஏறக்குறைய 75 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் கிடைக்கிறது. அப்படி நிதானமாக ஏற்றி, எட்டாத தாடைப்பகுதிக்கு மட்டும் சிரிஞ்சால் தோலுக்கடியில் போட வேண்டும்.

தைராய்டுக்கு அயோடின் குடித்தவர் இறந்தால்? – வாசகர், ஊத்தங்கரை

இங்கேதான் உண்மையிலேயே எச்சரிக்கை தேவை. அயோடின்-131 உடம்புக்குள்ளேயே இருக்கும் கதிர்ப்பொருள். எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகும். 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே வரும். உயிரோடு இருந்தால் சிறுநீரில் பெரும்பகுதி வெளியேறிவிடும், இறந்த பிறகு அந்த வழி கிடையாது. மருந்து குடித்த சில நாளில் மரணம் நேர்ந்தால், சிகிச்சை தந்த மருத்துவமனையின் கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரிக்குச் சொல்லாமல் உடலைக் கழுவவும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம். எம்பாமிங்கில் வடியும் ரத்தமும் சிறுநீரும்தான் கதிரைச் சுமந்து வரும். முடிந்தவரை எம்பாமிங்கையே தவிர்த்துவிடுவது நல்லது. போன் ஸ்கேன், பெட் ஸ்கேனுக்குப் போட்ட ஊசிக்கு இவ்வளவு பயம் வேண்டாம். முன்னதில் உள்ள டெக்னீசியம் 6 மணி நேரத்திலும், பின்னதில் உள்ள ஃபுளோரின் 110 நிமிடத்திலும் பாதியாகிவிடும்.

பிணவறையில் உதவியாளராக இருக்கிறேன். சில உடல்களில் கையுறை உரசினாலே தோல் வழன்றுவிடுகிறது. – தருமபுரி

நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களாக இருக்கலாம். தோல் பேப்பர் போல மெலிந்து, அடியில் நீர் கோத்திருக்கும். பிளாஸ்டரைச் சடாரென்று உரிக்காதீர்கள். ஈரத்துணி வைத்து ஊறவிட்டு எடுங்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்காமல், போர்வையோடு நான்கு பேராகத் தூக்குங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின், வார்ஃபரின் எடுத்தவர்களுக்கு ரத்தம் நன்றாக வடியும், ஆனால் பழைய ஊசித்துளை ஒவ்வொன்றும் கசியும். துடைத்து உலர்த்தி, ஒட்டும் பசை ஒரு சொட்டு வைத்து அடையுங்கள்.

உடலை ஒப்படைக்கும்போது வீட்டாரிடம் ஒன்று சொல்லி அனுப்புங்கள். எண்ணெய், சீயக்காய் வைக்கும்போது தேய்க்காமல் தலையில் தொட்டு மட்டும் வைக்கட்டும். வாய்க்கட்டுக்கும் கால் பெருவிரல் கட்டுக்கும் நூல் வேண்டாம், அகலமான துணி போதும். வீங்கிய விரலை நூல் அறுத்துவிடும். நீர் ஒழுக ஆரம்பித்தால் நிற்காது.

உங்களுக்காகவும் ஒன்று. கீமோ போட்டு 48 மணி நேரத்துக்குள் இறந்தவரின் சிறுநீர், வாந்தியில் மருந்து இருக்கும். இரட்டை நைட்ரைல் கையுறை போடுங்கள். ஃபார்மால்டிஹைடும் மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என உறுதிப்பட்ட பொருள். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடாத அறையில் கலக்காதீர்கள்.

பெங்களூரு ஆஸ்பத்திரியிலிருந்து அரூருக்கு உடலைக் கொண்டுவர எம்பாமிங் வேண்டுமா?

நாலைந்து மணி நேரச் சாலைப் பயணம், மறுநாள் அடக்கம் என்றால் வேண்டாம். ஃப்ரீசர் பெட்டியே போதும். விமானத்தில் போவதென்றால் கட்டாயம். எம்பாமிங் செய்வதாக முடிவெடுத்தால் பெட்டியில் வைப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள், குளிரில் ரத்தம் கெட்டித்த பிறகு வடிக்கச் சிரமம்.

அப்பாவின் நெஞ்சில் பேஸ்மேக்கரும் கீமோ போர்ட்டும் இருக்கின்றன. எடுக்க வேண்டுமா? – கிருஷ்ணகிரி

புதைப்பதென்றால் இரண்டும் இருக்கட்டும். எரியூட்டுவதென்றால் பேஸ்மேக்கரைக் கட்டாயம் எடுக்க வேண்டும், சூட்டில் அதன் பேட்டரி வெடிக்கும். காறை எலும்புக்குக் கீழே சிறு கீறலில் டாக்டர் எடுத்துத் தருவார். கீமோ மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் போர்ட்டில் பேட்டரி இல்லை. கண் தானம் செய்ய நினைத்தால் எம்பாமிங்குக்கு முன், ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கியை அழையுங்கள். ரத்தப் புற்றுநோய், எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, ரேபிஸ் போன்றவை இருந்தால் கண்களை ஏற்க மாட்டார்கள்.