"அப்பா காசுல ஓட்டுறான்"னு சொல்றாங்க, பையன் கார்ட்டிங்கையே விடப்போறானாம்

அண்ணா, உங்க போஸ்ட் படிச்சு மனசு கஷ்டமாயிடுச்சு, 14 வயசு பையன், கார்ட்டிங்ல (சின்ன ரேஸ் வண்டி ஓட்டுற போட்டில) தன்கூட ஓட்டுற பசங்க பேச்சைக் கேட்டு ஹெல்மெட்டைத் தொடவே மாட்டேங்குறான்னா வலி நிஜம்தான். அவன்கிட்ட ஃபார்முலா 1 கார் ரேஸ் டிரைவர் லான்ஸ் ஸ்ட்ரோல் கதைய முழுசா சொல்லுங்க. கனடாக்காரர், அப்பா லாரன்ஸ் ஸ்ட்ரோல் ஃபேஷன் பிசினஸ்ல பெரிய கோடீஸ்வரர், 2018ல ஃபோர்ஸ் இந்தியாங்கிற ஃபார்முலா 1 டீமையே ஒரு குழுவோட சேர்ந்து வாங்கினார், அதுதான் இப்போ ஆஸ்டன் மார்ட்டின். காசு உதவலன்னு யாரும் சொல்ல முடியாது, மறைக்கவும் வேணாம்.

ஆனா 2016ல ஃபார்முலா 1க்கு கீழ்மட்டத்துல இருக்குற யூரோப்பியன் ஃபார்முலா 3ல சாம்பியன், 2017ல ஃபார்முலா 1ல, அஜர்பைஜானோட பாகூல நடந்த ரேஸ்ல 18 வயசுல மூணாவது இடம், 2020ல துருக்கில கொட்டுற மழைல வழுக்குற ட்ராக்ல போல் பொசிஷன் (ரேஸை முதல் இடத்துல இருந்து தொடங்குற உரிமை), இதெல்லாம் ஸ்டியரிங் புடிச்ச கை செஞ்சது. 2023ல சைக்கிள்ல விழுந்து ரெண்டு மணிக்கட்டும் அடிபட்டு, சீசனுக்கு முன்னாடி நடக்குற டெஸ்டிங்கே (பயிற்சி ஓட்டமே) ஓட்டாம நேரா பஹ்ரைன் ரேஸுக்கு வந்து ஆறாவது முடிச்சாரு பாருங்க, எனக்கு அவர் மேல மரியாதை வந்ததே அன்னைக்குத்தான்.

இன்னொரு பக்கமும் சொல்லிடுங்க, அதே வருஷம் அதே டீம்ல கூட ஓட்டுன அலோன்சோ 206 பாயிண்ட், இவர் 74. சீட் வாங்கலாம், லேப் டைம் வாங்க முடியாது.

அதனால ஒண்ணு பண்ணுங்க, புது இன்ஜின் எதுவும் இப்போ வாங்காதீங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி கார்ட் தர்ற வாடகை ரேஸ் நாலஞ்சு ஓட்டட்டும், அந்த டைமிங் ஷீட்டை அவனே பார்க்கட்டும், அப்புறம் தொடரணுமா வேணாமான்னு அவன்கிட்டயே கேளுங்க.