வாசகர் கேள்வி: படலம் காட்டும் காந்தம் படலத்தினுடையதுதானா?

கேள்வி: முதுநிலை இயற்பியல் மாணவி நான். ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் படிகத்தின் மீது 100 நானோமீட்டர் தடிமனில் பிஸ்மத் ஃபெரைட் படலம் வளர்த்தேன். அறை வெப்பநிலையிலேயே காந்தத் தயக்கக் கண்ணி (புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாக்கம் வரையும் மூடிய வளைவு) கிடைக்கிறது. காந்தப்புலத்தில் வைத்தால் மின்காப்பு மாறிலியும் (மின்னூட்டத்தைத் தேக்க ஒரு பொருள் எவ்வளவு உதவுகிறது என்பதன் அளவு) மாறுகிறது. காந்தப் பண்பும் மின் பண்பும் பிணைந்துள்ளன என்று ஆய்வறிக்கையில் எழுதலாமா?

பதில்: இப்போதைக்கு எழுத வேண்டாம். உங்கள் ஆவல் நியாயமானதே. பிஸ்மத் ஃபெரைட், ஃபெர்ரோமின் ஒழுங்கு (வெளிப்புலமின்றியே நிலைத்து, மின்புலத்தால் திருப்பக்கூடிய மின்முனைவாக்கம்) சுமார் 830 டிகிரி செல்சியஸ் வரையிலும், காந்த ஒழுங்கு சுமார் 370 டிகிரி வரையிலும் நிலைத்திருக்கும், பெரோவ்ஸ்கைட் என்ற படிக அமைப்புடைய பொருள். ஆனால் அந்தக் காந்த ஒழுங்கு எதிர் ஃபெர்ரோ காந்த வகையைச் சேர்ந்தது: அடுத்தடுத்த இரும்பு அயனிகளின் காந்தத் திருப்புத்திறன்கள் ஒன்றையொன்று ஏறத்தாழ முழுமையாக நீக்கிவிடுகின்றன, சிறு சாய்வினால் எஞ்சும் காந்தமும், பெரிய படிகத்தில் 62 நானோமீட்டருக்கு ஒருமுறை சுழலும் அமைப்பினால் மறைந்துபோகிறது. அடிப்படிகத்தோடு பொருந்த நேர்வதால் படலத்தில் எழும் தகைவு இச்சுழற்சியைக் குலைக்கலாம் என்றாலும், அப்போது வெளிப்படும் காந்தம் மிகச் சிறியதே.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ஆர். ரமேஷின் குழு, அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்திலிருந்து 2003-இல் வெளியிட்ட முடிவை நீங்கள் படித்திருப்பீர்கள். பழைய படிக அளவீடுகளைப் போலப் பத்து மடங்கு அளவிலான மின்முனைவாக்கத்தையும், மெல்லிய படலங்களில் வியக்கத்தக்க காந்தமாக்கத்தையும் அது அறிவித்தது. முதலாவது நிலைத்தது, பின்னர் தூய ஒற்றைப் படிகங்களும் அதே அளவு பெரிய முனைவாக்கத்தைக் காட்டியதால், குறை பழைய படிகங்களில்தான் இருந்தது என்பது தெளிவாயிற்று. இரண்டாவதை, 2005-இல் வேறு குழுவினர் தங்கள் படலங்களில் காணவில்லை.

ஆகவே உங்கள் கண்ணியை முதலில் சந்தேகியுங்கள். அடிப்படிகம் அரை மில்லிமீட்டர் தடிமன் உடையது என்றால், காந்தமானி பார்ப்பது உங்கள் படலத்தைப் போல 5,000 மடங்கு பருமனுள்ள வேறொரு பொருளை. எஃகு இடுக்கியால் அதன் விளிம்பைப் பற்றியிருந்தால், அங்கே ஒட்டிய இரும்புத் துகளே ஒரு கண்ணியை வரைந்து தந்துவிடும். பிளாஸ்டிக் இடுக்கியைப் பயன்படுத்துங்கள். அதே படிகத்திலிருந்து வெட்டிய வெறுந்துண்டு ஒன்றைப் படலமின்றி, படலம் வளர்த்த அதே கருவியின் அறையில் சூடாக்கி அளந்து ஒப்பிடுங்கள். படலம் வளரும்போது பிஸ்மத் ஆவியாகிப் போனால் இரும்பு ஆக்சைடு தனியே பிரியும். அதன் அளவு மிகக் குறைவு என்றால் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவில் தென்படாமலே போகலாம். படலத்துக்கான பொருளைத் தரும் இலக்கு வில்லையில் சுமார் 10 சதவீதம் பிஸ்மத்தைக் கூடுதலாகச் சேர்ப்பதற்குக் காரணம் இந்த இழப்புதான்.

மின் அளவீட்டில் பகைவன் கசிவு மின்னோட்டம். ஆக்சிஜன் காலியிடங்கள் படலத்தைச் சற்றே கடத்தச் செய்கின்றன. மின்முனைகளின் அருகில் மின்தடை வேறுபடுவதால் குறைந்த அதிர்வெண்ணில் மின்காப்பு மாறிலி பொய்யாக ஊதிக் காட்டும். காந்தப்புலம் அந்த மின்தடையை மாற்றினாலே மின்தேக்குத்திறனும் மாறும். அதற்குப் பிணைப்பு எதுவும் வேண்டியதில்லை. கேம்பிரிட்ஜின் ஜேம்ஸ் ஸ்காட் 2008-இல் வாழைப்பழத் தோலில் மின்முனை பொருத்தி, ஃபெர்ரோமின் பொருளுடையதைப் போன்ற கண்ணியைப் பெற்றுக் காட்டியது இந்தக் கசிவின் ஏமாற்றை உணர்த்தவே. மின்முனைவாக்கக் கண்ணியையும் நீங்கள் அளந்திருந்தால், அதன் முனைகள் கூராக இல்லாமல் உருண்டு காணப்படுகின்றனவா என்று பாருங்கள்.

1 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1 மெகாஹெர்ட்ஸ் வரை, மின்காப்பு இழப்பையும் (மின்புல ஆற்றல் வெப்பமாக வீணாகும் அளவு) சேர்த்து அளந்து பாருங்கள். காந்தப்புலத்தின் விளைவு மேல் அதிர்வெண்களில் மறைந்தால் அது கசிவின் வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இழப்பு குறைவாக இருந்து, மின்தடை புலத்தால் மாறாத நிலையிலும் விளைவு நீடித்தால், வெறும் படிகத்தின் அளவீட்டையும் அருகிலேயே வரைந்து, தயங்காமல் எழுதுங்கள்.