வெங்காயம்னு சொன்னீங்களே!

கேள்வி: இஸ்ரவேலர்கள் எகிப்துல அடிமையா கிடந்தாங்க, பிரமிடு கட்டினாங்க, மோசே வந்து மீட்டார்ங்கறதெல்லாம் நிஜமா, இல்ல வெறும் வெங்காயமா?
- ஒரு வாசகர், தேனி

பதில்: தேனிக்காரரே, கடைசி வார்த்தையில மாட்டிக்கிட்டீங்க. பெரியார் சொன்னா வெங்காயம்னா உரிச்சா ஒண்ணுமில்லனு அர்த்தம். இந்தக் கதைய உரிச்சா உள்ளயும் நிஜமாவே வெங்காயம்தான் இருக்கு, வர்றேன்.

மொதல்ல பிரமிடு பஞ்சாயத்து. நானும் எத்தனை தடவைதான் எழுதறது, பைபிள்ல பிரமிடுங்கற பேச்சே கிடையாதுங்க! பித்தோம், ராமசேஸ்னு ரெண்டு பண்டசாலைப் பட்டணம், அதுக்கு செங்கல், அவ்ளோதான். கீஸா பிரமிடு கிமு 2500 வாக்குல கட்டினது, அதுக்கப்புறம் ராமசேஸ்ங்கற பேர்ல முதல் ராஜா வர்றதுக்கே ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. எகிப்துக் கல்வெட்டுல இஸ்ரவேல்ங்கற பேர் மொதமொதல்ல வர்றது கிமு 1208 வாக்குல, மெர்னெப்தா ராஜாவோட கல்லுல, 1896ல பெட்ரிங்கற தொல்லியல் ஆய்வாளர் தோண்டி எடுத்தது. அதுலயும் அவங்க கானான் (இன்னிக்கு இஸ்ரேல், பாலஸ்தீனம் இருக்கற பகுதி) பக்கத்து ஜனம், அடிமைனு ஒரு வார்த்தை இல்ல. ஆறு லட்சம் ஆம்பளைங்க நாப்பது வருஷம் வனாந்தரத்துல சுத்தினதுக்கு தோண்டின இடத்துல தடயம் கிடைக்கல. உங்க கேள்விக்கு பதில் முடிஞ்சுது. இனிமே நான் பேசறேன்.

பிரமிடுலயும் வெங்காயம் உண்டு தெரியுமோ? ஹெரடோட்டஸ்ங்கற கிரேக்க வரலாற்றாசிரியர் அங்க போனப்ப, கட்டின ஆளுங்களுக்கு முள்ளங்கி, வெங்காயம், பூண்டு வாங்கின வகையில மட்டும் 1600 தாலந்து வெள்ளி செலவுனு அதுல எழுதியிருக்கறதா ஒரு மொழிபெயர்ப்பாளர் படிச்சு சொன்னாராம், அதையும் நம்பி எழுதி வெச்சிருக்கார். டூரிஸ்ட் கைடு விடற கதைக்கு ரெண்டாயிரத்து நானூறு வருஷ பாரம்பரியம் இருக்குங்க.

இப்ப பைபிள்ல எண்ணாகமம் 11ம் அதிகாரம். கடல் பிளந்தாச்சு, சினாய் மலையில கடவுளோட கட்டளை வாங்கியாச்சு, கிளம்பி ஒரு வருஷம் சொச்சம்தான் ஆகுது, ஜனம் அவனவன் கூடார வாசல்ல நின்னு ஒப்பாரி வைக்குது. எதுக்கு? எகிப்துல தின்ன மச்சம், வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், கீரை, வெண்காயம், வெள்ளைப்பூண்டு. வானத்துலருந்து கடவுள் தந்த மன்னாங்கற உணவு மட்டுமே தின்னு நாக்கு செத்துப் போச்சாம். மோசே வெறுத்துப்போய், இதுக்கு என்னைக் கொன்னுடும்னு கடவுள்கிட்டயே கேட்டுட்டார். (அது வெண்காயம்தான், தமிழ் பைபிள்ல அப்படித்தான் இருக்கு. எங்க ப்ரூஃப் ரீடர் இந்தத் தடவையும் ணகரத்துல கை வெச்சார்னா அவரையும் வனாந்தரத்துக்கு அனுப்பிடுவேன். கீரைங்கறது எபிரேய மூலத்துல லீக்ஸ், வெங்காயத்துக்குச் சொந்தக்கார செடி, அதை அவர் கவனிச்சதேயில்ல.)

அதுல மீன் "கிரயமில்லாமல்" கிடைச்சுதுன்னு வேற சொல்றாங்க, ஓசியாம். 11ம் நூற்றாண்டுல ஃபிரான்ஸ்ல இருந்த ராஷினு ஒரு யூத உரையாசிரியர் இங்கதான் பிடிக்கறார். செங்கலுக்கு வைக்கோலே ஓசில தராம நீயே போய் பொறுக்கிக்கோ, ஆனா செங்கல் கணக்கு மட்டும் குறையக்கூடாதுன்ன எகிப்து ராஜா பார்வோன் மீனையா ஓசில குடுத்தான்? அப்புறம் அவரே பதிலும் சொல்றார், ஓசின்னா கட்டளை எதுவும் தலைமேல இல்லாமனு அர்த்தமாம். அதாவது அங்க சவுக்கு இருந்துச்சு, ஆனா இதைச் செய் அதைச் செய்யாதேன்னு சொல்ற சினாய் இல்ல, அந்த சுகத்தை நெனச்சுத்தான் அழுகை. இலவசத்துக்கு இதைவிட நல்ல உரை நான் படிச்சதில்ல.

எந்த ஊர்லயாவது தலபுராணத்த இப்படி எழுதுவாங்களா? எல்லார் தாத்தாவும் ராஜவம்சம், யானை மேல வந்தவர். இந்த இஸ்ரவேலர் வழிவந்த யூதர்கள் வருஷா வருஷம், எகிப்துலருந்து மீண்டதைக் கொண்டாடற பஸ்கா பண்டிகை ராத்திரி குடும்பத்தோட உக்காந்து, எகிப்துல பார்வோனுக்கு நாங்க அடிமையா இருந்தோம்னு ஆரம்பிக்கறாங்க, முன்னோர்கள் இல்ல, நாங்க. மேஜையில புளிப்பில்லா அப்பம், கசப்புக் கீரை, கண்ணீருக்கு உப்புத் தண்ணி, செங்கல் சாந்து ஞாபகமா அரைச்ச பழமும் கொட்டையும். ஈரான், ஆப்கானிஸ்தான் யூதர்கள் ஒருபடி மேல. கடலைப் பிளந்தாரே அது போதும், மன்னா தந்தாரே அது போதும்னு தயேனு பாட்டு வரும்போது வெங்காயத்தாளை எடுத்து மேஜைக்கு ரெண்டு பக்கமும் ஒருத்தரை ஒருத்தர் விளாசுவாங்க, பேரன் தாத்தாவ அடிக்கலாம், யாரும் கேக்க முடியாது. எகிப்து சவுக்கு ஞாபகம்னு ஒரு விளக்கம், வெங்காயத்துக்கா அழுதே, இந்தா வாங்கிக்கோனு இன்னொண்ணு. எனக்கு ரெண்டாவதுதான் பிடிச்சிருக்கு.

இன்னொண்ணு, அந்த ராத்திரியே ஒரு கேள்வி-பதில் பகுதிதாங்க. வீட்ல சின்னப் பிள்ளை கேக்கணும், பெரியவங்க பதில் சொல்லணும். பிள்ளைக்கு விவரம் பத்தலேன்னா பொண்டாட்டி கேக்கணும், அதுவும் இல்லேன்னா தனக்குத்தானே கேட்டுக்கணும்னு யூதர்களோட சட்ட விளக்க நூலான தால்முத் சொல்லுது. கடிதம் கம்மியான வாரங்கள்ல நான் பண்றதும் இதேதான். ஆனா உங்களோடது அப்படியில்ல, கவர்ல தேனி முத்திரை இருக்கு, வேணும்னா ஆபீசுக்கு வந்து பாத்துக்கலாம்.