லித்தியத்தை விட்டால் மின்கட்டமைப்புக்கு வேறு பேட்டரியே இல்லையா?

சூரிய, காற்று மின்சாரத்தைச் சேமிக்க எங்கே பார்த்தாலும் லித்தியம்தானே, மற்ற பேட்டரிகளுக்கு வேலையே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். எத்தனை மணி நேரத்துக்குச் சேமிக்க வேண்டும்? அதைப் பொறுத்துத்தான் பதில்.

தென் ஆஸ்திரேலியாவின் ஹார்ன்ஸ்டேலில் 2017-இல் டெஸ்லா பேட்டரிகளை வைத்து அமைத்த நிலையம் 100 மெகாவாட் (ஒரே சமயத்தில் கொடுக்கும் வேகம்), 129 மெகாவாட்-மணி (மொத்தச் சேமிப்பு). முழு வேகத்தில் கொடுத்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் காலி! ஆனால் அது பேர் வாங்கியது வேறு வேலையில்: மின்சாரத்தின் அதிர்வெண் (நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பது) சறுக்கும்போது சட்டென்று தாங்கிப் பிடிப்பதில்.

இப்போது புதிதாக வைப்பதில் பெரும்பாலானவை லித்தியம் இரும்பு பாஸ்பேட். எடை கொஞ்சம் கூடுதல்தான். ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும் கன்டெய்னருக்கு எடை என்ன பெரிய விஷயம்? நிக்கல், கோபால்ட் வேண்டாம், மற்ற லித்தியம் வகைகளைவிடத் தீப்பிடிக்கும் பயமும் குறைவு. மத்தியான வெயிலை ராத்திரி எட்டு மணிக்குக் கொண்டுபோக இது போதும். ஆனால் நேரத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் செல்களையும் இரட்டிப்பாக வாங்க வேண்டும்.

இங்கேதான் எனக்குப் பிடித்த வனேடியம் என்ற உலோகம் வருகிறது. கல்லூரி ஆய்வகத்தில் அமிலத்தில் கரைத்த வனேடியத்தில் துத்தநாகத்தைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறேன். மஞ்சள் நீலமாகி, அப்புறம் பச்சையாகி, கடைசியில் ஊதா. சார்ஜ் ஏறிய வனேடியம் பேட்டரியில் ஒரு தொட்டியில் அந்த மஞ்சள், இன்னொன்றில் அந்த ஊதா. பம்ப் இரண்டையும் செல்லுக்குள் ஓட்டும்; மஞ்சள் நீலத்துக்கும் ஊதா பச்சைக்கும் இறங்கும்போது மின்சாரம் வெளியே வரும். இரு பக்கமும் ஒரே தனிமம் என்பதால் இரண்டு திரவத்தையும் பிரிக்கும் நடுச்சவ்வைத் தாண்டிக் கொஞ்சம் கசிந்தாலும் நிரந்தரக் கேடில்லை. கூடுதல் நேரம் வேண்டுமா, தொட்டியைப் பெரிதாக்கினால் போதும். சீனாவின் தாலியனில் 2022-இல் இயங்கத் தொடங்கிய வனேடியம் நிலையம் 100 மெகாவாட், 400 மெகாவாட்-மணி. அதுவும் நான்கு மணி நேரக் கணக்கே, அதாவது லித்தியத்தின் பேட்டையிலேயே போய் மோதுகிறது. வனேடியம் விலையும் சும்மா இருப்பதில்லை.

சரி, மூன்று நாலு நாள் காற்றே அடிக்கவில்லை என்றால்? அதற்கு இரும்பு-காற்று பேட்டரி. இரும்பு துருப்பிடிக்கும்போது மின்சாரம் தரும். சார்ஜ் ஏற்றினால் துரு மறுபடி இரும்பாகும். ஃபார்ம் எனர்ஜி நிறுவனம் குறிவைப்பது 100 மணி நேரம். போட்டதில் பாதிகூடத் திரும்பி வராது. தினம் ஏற்றி இறக்கினால் கட்டுப்படியாகாது. ஆனால் வாங்க ஆளில்லாமல் காற்றாலையை நிறுத்தி வைக்கும் நாளில் ஏற்றிய மின்சாரம் என்றால், பாதி போனால் போகட்டுமே.